ஒன்றாம் எண் பாக்கெட்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள். முன்பக்கத்தில் மாடு இருக்கும், கோதுமைக் கதிர் இருக்கும், சிரிக்கிற குழந்தை இருக்கும். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்கிய குடும்பம் ஒன்றே ஒன்றுதான். என் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார்கள்.

அந்த அம்மா முதன்முதலாக வந்தது ஒரு காலை நேரம். கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குச் சோப்பு, எனக்கோ இருப்பது இரண்டு கை. இந்த அம்மா மட்டும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வெளிச்சத்துக்குக் காட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பாப்பாவுக்கு முந்திரி, பாதாம், கடலை எதுவும் ஆகாதுண்ணே. தெரியாம ஒரு துணுக்கு உள்ள போனாக்கூட தொண்டை அடைச்சுக்கும்."

"அட, அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கிவிட்டா சரியாப் போயிடும்மா. நாங்கள்லாம் மண்ணைத் தின்னு வளந்தவங்க."

அவள் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் கடைப்பக்கமே வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

நாலாம் நாள் வேறு வழியில்லாமல் வந்தாள். சர்க்கரை கேட்டாள். நான் கடலை மூட்டையில் கிடந்த கரண்டியை எடுத்துச் சர்க்கரை டின்னுக்குள் விட்டேன். "அண்ணே, வேணாண்ணே" என்று அவள் போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. என் கடைக் கரண்டியில் என்ன விஷமா இருக்கிறது? அப்போது அவள் குழந்தைக்கு இரண்டு வயதில் நடந்ததைச் சொன்னாள். யார் வீட்டிலோ பிறந்தநாள். ஒரு துண்டு கேக். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கண் சொருகி, குழந்தை நீலம் பாரித்துவிட்டது. டாக்டர், "இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினாராம். அந்த நிறுத்தின பாதியைத்தான் அவள் இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறாள்.

மறுநாளே ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு கரண்டி வாங்கிப் போட்டேன். கடலை மூட்டையைக் கடைக்கோடிக்குத் தள்ளினேன். அதிலிருந்து அவள் என்னை நிஜமாகவே அண்ணனாக வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் சாப்பாடு என்பது பெரிய நிர்வாகம். சோறு, முட்டை, காய், பழம் எல்லாம் வீட்டிலேயே. கஷ்டம் பாக்கெட்டில்தான். போன மாதம் வரை ஒழுங்காக இருந்த ரொட்டியில் இந்த மாதம் 'முந்திரி, பாதாம் தடயங்கள் இருக்கலாம்' என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருப்பான். கவர் அதே கவர், படம் அதே படம். 'புதிய சுவை' என்று எதிலாவது போட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிடும். சாக்லேட், கேக், ஐஸ்கிரீம் எல்லாம் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஸ்கூலில் யாராவது பிறந்தநாள் என்று மிட்டாய் கொடுத்தால் பிள்ளை அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுக்கும். "மாமா, இதப் படிச்சுட்டேன். உள்ள இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

ஆமாம், அவளே படிக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் 'அம்மா, ஆடு' படித்துக்கொண்டிருந்தபோது இவள் 'உட்பொருட்கள்' என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என் அலமாரியில் தேதி முடிந்த மூன்று பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் வைத்த பேர்தான் 'இன்ஸ்பெக்டர்'. தெருவே பிறகு அப்படித்தான் கூப்பிட்டது.

இன்ஸ்பெக்டரின் அம்மா பைகளுக்கு ஜிப் தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வேலை பிஸ்கட் ஃபாக்டரியில். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாக்கெட்டுக்குப் பயப்படுகிற வீட்டுக்காரர் பாக்கெட் செய்கிற இடத்திலேயே வேலை பார்க்கிறாரே என்று. ஆனால் அவர் பிஸ்கட் செய்கிறவர் இல்லை. மிஷின் கழுவுகிறவர். அங்கே அவருக்கு 'வெள்ளைத்துணி' என்று பேர்.

அந்த வேலையைப் பற்றி அவர் என் கடைப் படியில் உட்கார்ந்து எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை வரை அந்த மிஷினில் முந்திரி பிஸ்கட் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மிஷினை நிறுத்திவிட்டு இவரும் கூட மூன்று பேரும் இறங்குவார்கள். பெல்ட்டைக் கழற்றி, உருளைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒட்டிக் கிடக்கிற மாவைச் சுரண்டி, காற்றுக்குழாயால் ஊதி, வெந்நீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, மறுபடி காயவைத்து மாட்டவேண்டும். ஆறு மணி நேர வேலை. எல்லாம் முடிந்ததும் இவர் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு பெல்ட்டுக்கு அடியில், மூலையில், ஆணித் தலைகளில் எல்லாம் துடைப்பார். துணியில் நிறம் பட்டால் அந்த இடம் மறுபடி முதலிலிருந்து. துணி வெளுப்பாக வந்தால்தான் பேப்பரில் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் அதில் முதலில் ஓடுவது சாதா பால் பிஸ்கட்.

"எல்லாத்துலயும் 'இருக்கலாம்'னு போட்டு வெச்சிடுறான் கம்பெனிக்காரன். நாளைக்கு யாரும் கேக்கக் கூடாதுன்னு, அவன் தலை தப்பிக்க. ஆனா எனக்குத் தெரியும்ல? என் கை போன இடத்துல ஒண்ணும் இருக்காதுண்ணே."

அப்படித்தான் வாரா வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையில் நாலு பால் பிஸ்கட் பாக்கெட் வரும். உலகத்தில் எத்தனை கடையோ, எத்தனை பிஸ்கட்டோ, அந்தப் பிள்ளை பயமில்லாமல் பிரித்துத் தின்னக்கூடியது அந்த நாலு பாக்கெட்தான். அதை ஞாயிறு வரை எண்ணி வைத்துக்கொண்டு தின்னும். நான் கேட்டால் அரை பிஸ்கட் தரும்.

போன வருடம் ஒருநாள் அவர் கடையில் நிற்கும்போது, என் அலமாரியிலிருந்து அதே பால் பிஸ்கட்டை எடுத்து மகளிடம் காட்டினார்.

"இங்க பாரு. தேதி அடிச்சிருக்கா? அதுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கா? ஒண்ணுன்னு இருந்தா கழுவி முடிச்சதும் ஓடுன மொதல் சரக்கு. அப்பா கழுவுனது. ரெண்டு, மூணுன்னா நடுவுல வேற சரக்கு ஓடியிருக்கும்."

பிள்ளை பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அப்ப ஒண்ணு போட்ட எல்லாமே நீங்க கழுவுனதா? எல்லாக் கடையிலயுமா?"

"எல்லாக் கடையிலயும்."

அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை என்னால் எழுத முடியாது. ஏதோ அப்பா பேரையே எல்லாப் பாக்கெட்டிலும் அச்சடித்த மாதிரி.

அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வாசலிலேயே சண்டை.

"நம்பரு மிஷின் அடிக்கிறது. அத நம்பி அவகிட்ட ஏன் சொல்றீங்க? நீங்க உங்க கையால கொண்டு வந்து மேஜைல வெக்கிறது வேற, இது வேற."

"நான் கழுவுனத நான் நம்பாம யாரு நம்புறது? ஆஸ்பத்திரி பெஞ்சுல பழக்கமான ரெண்டு பேரு, அவங்க புள்ளைங்களுக்கும் இதே தொல்லை. பாவம், ஒரு பிஸ்கட்டுக்கு அலையுறாங்க. அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

"சொல்லியாச்சா? நல்லாருக்கு. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்து வேற ஒருத்தன் கழுவுனா?"

"வேற ஒருத்தன் கழுவுனாலும் துணி புடிக்கிறது நான்தான்" என்றார் அவர். பேச்சு அதோடு நின்றது. நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

இந்த வருட மழை எல்லாரையும் படுத்திவிட்டது. பத்து நாள் வெயிலே இல்லை. தீப்பெட்டி நமுத்துப்போனது, உப்பு நீர்விட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரிக்கு இவர் ஒருத்தர்தான் நீந்தாத குறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மற்ற மூன்று பேரும் வரவில்லை. அங்கே நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திங்கட்கிழமை சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பை மெலிந்து இருந்தது.

இன்ஸ்பெக்டர் மாடிப்படியில் ஓடிவந்து பையைப் பிரித்தாள். "அப்பா, பிஸ்கட்?"

"இந்த வாரம் கெடைக்கலம்மா. மழை. சரக்கெல்லாம் சீக்கிரமே லாரில ஏத்திட்டாங்க."

"ஒண்ணுகூடவா கெடைக்கல?"

"அடுத்த வாரம் எட்டுப் பாக்கெட் கொண்டாறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் என் கடைப்பக்கம் வந்தார். கடைக்குப் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பழைய திருகு. இறுகிக்கொண்டால் என்னால்கூடத் திறக்க முடியாது, அவர் ஒருத்தர் கைக்குத்தான் மசியும். அதில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பால் பிஸ்கட் புதுச் சரக்கு வந்துருச்சாண்ணே?"

"எங்க வரும், இந்த மழைல? வியாழக்கெழமை ஆகும்."

"ம்" என்றார். கால் கழுவி முடிந்த பிறகும் நின்றார். நனைந்த அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏதாவது வேணுமா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே" என்று மாடிக்குப் போய்விட்டார். அந்த இரண்டு நிமிடத்தை நான் எத்தனை தடவை மனதுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை சரக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே மழைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். பிள்ளை நனைந்த கோழி மாதிரி வந்து நின்றது. மாடி வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அம்மாவிடம். அம்மா வர ஆறு மணி ஆகும். நான் துண்டைக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"பசிக்குது மாமா. டிஃபன் டப்பால தண்ணி போயிடுச்சு."

"வாழைப்பழம் இருக்கு. எடுத்துக்கோ."

பழத்தைத் தின்றுகொண்டே அலமாரியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பால் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். "மாமா! திங்கக்கெழமை தேதி. ஒண்ணாம் நம்பர்! இது அப்பா கழுவுனது. அப்பாவுக்குக் கெடைக்கல, ஆனா உங்க கடைக்கு வந்துருச்சு பாருங்க!"

நானும் வாங்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே பார்த்தேன். ஒன்று. சுத்தமாக, தெளிவாக ஒன்று. அதற்கு மேல் எறும்பு எழுத்தில் 'இருக்கலாம்' என்றும்தான் போட்டிருந்தது. அதை நாங்கள் இரண்டு பேருமே படிக்கவில்லை. படித்துப் படித்துப் பார்க்காமலே விடக் கற்றுக்கொண்டிருந்தோம். ஒன்றும் தெரியாத வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துப் பாக்கெட்டைக் கீழே வைத்திருக்கும்.

"அம்மா வரட்டுமே" என்றேன். சொன்னேன்தான், ஆனால் வாய்தான் சொன்னது. "அப்பா கழுவுனது மாமா" என்று அவள் மறுபடி சொன்னதும், "சரி, இன்ஸ்பெக்டரே சொன்னப்புறம் என்ன" என்று நானேதான் பிரித்துக் கொடுத்தேன். அவள் எனக்குப் பாதி உடைத்துத் தந்தாள்.

இரண்டு பிஸ்கட் தின்றிருப்பாள். உதட்டைச் சொறிந்தாள். பிறகு இருமினாள். மழையில் நனைந்த இருமல் என்று நினைத்து நான் வெந்நீர் வைக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் மூட்டைமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் எல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"மாமா... ஊசி."

தொண்டை அடைத்தால் உடனே போட்டுக்கொள்ள எந்நேரமும் பையில் அவள் வைத்திருக்கிற மருந்து ஊசிப் பேனா, இரண்டு. எனக்கு எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைதான் மூச்சு விசிலடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது. "மூடிய எடுங்க. தொடைல. வெளிப்பக்கம். துணிமேலயே குத்துங்க. பத்து எண்ணுங்க." நான் எண்ணினேன். ஏழுக்கு மேல் எனக்கு எண் ஞாபகம் வரவில்லை. அவளே விரலைக் காட்டினாள்.

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, முட்டை இறக்க வந்த வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். தண்ணீரில் வண்டி ஊர்ந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாதி வழியில் அவள் கண் சொருகியது. இரண்டாவது ஊசியை நான் யாரும் சொல்லாமலே போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். மூச்சுக்கு வாயில் குழாய் வைத்திருப்பதாக ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். என் சட்டைப்பையில் அந்தப் பாக்கெட் இருந்தது. எப்போது எடுத்துப் போட்டேனோ தெரியாது.

முதலில் அம்மா வந்தாள், விரல் நுனியெல்லாம் ஜிப்புக்குத் தடவுகிற மெழுகோடு. நான் பாக்கெட்டை நீட்டினேன். "நான்தாம்மா குடுத்தேன். நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு." அவள் பாக்கெட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் அவர் ஓடிவந்தார். மனைவி கையில் இருந்த பாக்கெட்டைப் பார்த்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"துணி புடிச்சீங்களா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"சொல்லுங்க."

"மூணு பேரு வரல. நான் ஒருத்தன். சூப்பர்வைசரு, ஆறு மணி நேரமெல்லாம் முடியாது, ரெண்டு மணி நேரத்துல முடி, ராத்திரி பன்னண்டுக்கே மிஷினு ஓடணும், விடிஞ்சா லாரின்னாரு. மேலாக்க ஊதினேன், கண்ணுக்குத் தெரிஞ்சத சொரண்டினேன். பின்னாடி பெல்ட்டக் கழட்டவே இல்ல. முடியலன்னு சொன்னேன். 'எல்லாப் பாக்கெட்லயும்தான் எழுதியிருக்கே, உனக்கென்ன'ன்னாரு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போடும்போது நம்ம புள்ள ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு." அவர் பாக்கெட்டைப் பார்த்தார். "வந்துச்சுடி. அதனாலதான் வீட்டுக்கு எடுத்துட்டு வரல."

அந்த அம்மா பாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "நம்ம வீட்டுக்கு வேணாம்னு தெரிஞ்சுது. அடுத்த வீட்டுக்கு?"

அவர் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன்.

அவள் அழவில்லை. ஃபோனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அந்த ரெண்டு பேரு நம்பரு உங்ககிட்டதானே இருக்கு? போடுங்க."

அவர் நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினார். ஒரு வீட்டில் பாக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள், இன்னும் பிரிக்கவில்லை. இன்னொரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பத்துத் தடவை போட்டார்கள். பதினோராவது தடவை ஒரு பெண் எடுத்து, "கடைக்குப் போயிருந்தேங்க, என்ன விஷயம்?" என்றாள். அந்த வாரம் அவள் பிஸ்கட்டே வாங்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். பிள்ளைக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. எங்களை ஒவ்வொருத்தராக உள்ளே விட்டார்கள், கடைசியில் மூன்று பேரும் ஒன்றாகவே நின்றோம். அவள் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்பா, நான் தப்பாப் படிச்சிட்டேனா? ஏழ ஒண்ணுன்னு பாத்துட்டேனா?"

அந்த அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இப்போது வேண்டாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அந்த அழுத்தம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை நம்பியிருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நீ சரியாத்தான்மா படிச்ச. ஒண்ணாம் நம்பர்தான். நான்தான் கழுவுனேன்." அவர் நிறுத்தினார். "சரியாக் கழுவல. சரியாக் கழுவாம, கழுவுனேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

பிள்ளை கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா பக்கம் திரும்பித் தண்ணீர் கேட்டாள்.

அன்றைக்கே அவர் ஃபாக்டரிக்குப் போய் மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லிச் சரக்கைத் திருப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறார். "கவர்ல எழுதியிருக்கு, நாங்க எதுக்கு எடுக்கணும்?" என்றிருக்கிறார் மேனேஜர். பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக ஒரு வாரத்தில் இவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சூப்பர்வைசர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இவர் பதினைந்து நாள் சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தத் தேதி, அந்த எண் போட்ட பாக்கெட்டைக் காட்டி, "இத ஒதுக்கி வெச்சிடுங்க, நான் கழுவுனது, சரியில்ல" என்று சொன்னார். சில கடைக்காரர்கள் ஒதுக்கினார்கள். சில பேர் பைத்தியம் என்று விரட்டினார்கள்.

தெருவில் பேச்சுக்கா பஞ்சம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒருத்தன் என் கடையிலேயே நின்று சொன்னான். அவனுக்கு அன்றைக்கு நான் சோப்பு கொடுக்கவில்லை. வேலி மேயவில்லை. ஒரு நாள் அசந்தது, அவ்வளவுதான். ஆனால் வேலிக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடையாது, அதுதான் கொடுமை.

இப்போது அவர் பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிறார். நான் பால் பிஸ்கட் வாங்கி விற்பதை விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் பழையபடி ஸ்கூல் போகிறாள், பழையபடி பேசுகிறாள். பாக்கெட் எதையும் தொடுவதில்லை. அவள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்து நான் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. நானும் அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவும் மகளும் ஒன்றாக வந்தார்கள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூடையில் ஆப்பிள் இருந்தது. பிள்ளை அதைப் பார்ப்பதைப் பார்த்து அவர் ஒன்று எடுத்தார். பக்கத்துக் குழாய்க்குப் போய்த் திருகைத் திறந்து கழுவினார். கட்டை விரலால் தேய்த்து, காம்புக் குழிக்குள் நகத்தை விட்டு, திருப்பித் திருப்பிக் கழுவினார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் துடைத்து, துணியை வெயிலில் விரித்துப் பார்த்தார். வெளுப்பாகத்தான் இருந்தது. குழாயை மூடிவிட்டு வந்து மகளிடம் நீட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவர் கடைப்படியில் உட்கார்ந்தார். ஸ்கூலில் யாரோ பெஞ்சிலிருந்து விழுந்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை நிற்கவே இல்லை. சொல்லிக்கொண்டே ஆப்பிளோடு குழாய்ப் பக்கம் போனாள். யாரையும் குத்திக்காட்ட வேண்டுமென்று போகவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கால் அதுவாகப் போயிற்று. குழாயடியில் நின்று திருகைத் திருப்பிப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. ஆப்பிளை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு சர்க்கரை டின்னை மூடினேன். அவர் படியிலிருந்து எழுந்து போய், மகளுக்குக் குழாயைத் திறந்துவிட்டார். அவள் கழுவி முடிக்கிற வரைக்கும் திருகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.